ஜெட் போட்டில் சூப்பர்சார்ஜ் எஞ்சின் மாற்றுவது: கொழும்பில் முதல் தடவையாகச் செய்பவர்களுக்கு

எஞ்சின் போய்விட்டது என்றதும் எல்லோரும் கேட்பது, "வேறு எஞ்சின் எங்கே எடுக்கலாம், என்ன விலை?" என்றுதான். அதற்கு முன் ஒரு கேள்வி இருக்கிறது: பழையது ஏன் போனது? அதைக் கண்டுபிடிக்காமல் புதியதை இறக்கினால், அதே படகு, அதே குழாய்கள், அதே ஒயில், அதே பெற்றோல் அதையும் சீக்கிரமே முடித்துவிடும். பொல்கொடை வாவியில் ஓடும் படகுகளில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது. காசு கொட்டி இறக்கிய எஞ்சின் ஒரு சீசன்கூடத் தாங்காமல் போவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு ரோட்டக்ஸ் 1503 எஞ்சின் உள்ள சீ-டூ ஜெட் போட்டை (தண்ணீரைப் பின்னால் பீச்சி ஓடும் படகு) எடுத்துக்கொள்கிறேன். மற்றக் கம்பனிகளின் எஞ்சின்களில் அளவுகள் மாறும். வேலையின் ஒழுங்கு பெரிதாக மாறாது.

உங்களிடம் இருப்பது எது?

ரோட்டக்ஸ் 1503 மூன்று சிலிண்டர் எஞ்சின், 1,494 சிசி. இதே குடும்பத்தில் சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் சாமான்) இல்லாத 155 குதிரைவலு எஞ்சினும் உண்டு, சூப்பர்சார்ஜ் செய்த 185, 215, 255, 260 குதிரைவலு எஞ்சின்களும் உண்டு. வெளியில் இருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். உள்ளே அப்படி இல்லை. சூப்பர்சார்ஜர் இல்லாத எஞ்சினின் அமுக்க விகிதம் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது) 10.6க்கு 1, சூப்பர்சார்ஜ் எஞ்சினுடையது 8.4க்கு 1. ஆகவே, 155ஐ மலிவாக வாங்கி அதன் மேல் பழைய சூப்பர்சார்ஜரை மாட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த அமுக்கத்தில் மேலும் காற்றைத் திணித்தால் எரிபொருள் நேரம் தவறி வெடித்து பிஸ்டனை உருக்கிவிடும்.

2016இல் வந்த 300 குதிரைவலு எஞ்சின் 1503 அல்ல. அது 1,630 சிசி. பிஸ்டன் அகலம் அதே 100 மி.மீ.தான், பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரமான ஸ்ட்ரோக் மட்டும் 63.4இலிருந்து 69.2 மி.மீ. ஆனது. அதைப் பழைய படகில் போடுவதென்றால் வயரிங், ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), டாஷ்போர்டு மீட்டர் வரை கைவைக்க வேண்டும். முதல் வேலைக்கு அது வேண்டாம்.

படகின் உடலில் ஒட்டியிருக்கும் தகட்டையும் ஒரு முறை வாசியுங்கள். தாங்கக்கூடிய அதிகபட்சக் குதிரைவலு அதில் எழுதியிருந்தால் அந்த எண்ணைத் தாண்டாதீர்கள்.

பழையது ஏன் போனது?

அவசரப்படக் கூடாத இடம் இது.

முதலில் ஒயில். இந்த எஞ்சினின் ஒயிலைக் கீழே திறந்து வடிக்க முடியாது, டிப்ஸ்டிக் குழாய்க்குள் மெல்லிய ஹோஸ் விட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும். எடுத்ததை வெள்ளை வாளியில் ஊற்றிப் பாருங்கள். பால் தேநீர் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. அப்புறம் பில்டரைக் கழற்றி, உள்ளிருக்கும் மடிப்புத் தாளைக் கத்தியால் வெட்டி வெயிலில் விரியுங்கள். காந்தத்தில் ஒட்டும் துகள் இரும்பு. ஒட்டாமல், வெண்சாம்பல் நிறத்தில், நகத்தால் அழுத்தினால் கண்ணாடித் துண்டு மாதிரிக் குத்தும் துகள் இருந்தால் அது செராமிக்.

இந்த செராமிக் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதிப் பிரச்சினை புரிந்துவிடும். சூப்பர்சார்ஜரை எஞ்சினின் சுழலும் அச்சான கிராங்கோடு பற்சக்கரம் இணைக்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 8,000 சுற்றில் ஓடும்போது சூப்பர்சார்ஜரின் சக்கரம் 40,000 சுற்றைத் தாண்டும். அலையில் படகு துள்ளி, ஜெட் காற்றில் தூக்கி, திரும்பத் தண்ணீரில் விழும்போது அந்த வேகம் திடீரென மாறும். அந்த அதிர்ச்சியை விழுங்குவதற்காக உள்ளே ஒரு வழுக்கும் கிளட்ச் வைத்திருக்கிறார்கள். பழைய மாடல்களில் அதன் வொஷர்கள் செராமிக்கால் ஆனவை. தேய்ந்தால் அவை நொறுங்கும். நொறுங்கிய துண்டு ஒயிலோடு எஞ்சினுக்குள் இறங்கி பம்ப், பெயரிங் என்று வரிசையாகக் கீறிக்கொண்டு போகும். 100 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை சூப்பர்சார்ஜரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லிக் கம்பனி சொன்னது இதனால்தான். வாங்கிய நாளிலிருந்து அதைத் தொடாத படகுகளே இங்கே அதிகம்.

செராமிக் துகள் கிடைத்தால், பழைய எஞ்சினின் ஒயில் கூலரையோ ஒயில் ஹோஸ்களையோ புதியதில் மாட்டாதீர்கள். கூலரின் உள் மடிப்புகளில் சிக்கிய துகளைக் கழுவி எடுக்க முடியாது. "பெற்றோல் விட்டுக் கழுவினால் சரி" என்பார்கள். சரிவராது.

ஒயில் சுத்தமாக இருந்தால் அடுத்தது, சூப்பர்சார்ஜரிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர். 215 குதிரைவலு எஞ்சினில் அது காற்று உள்ளிழுக்கும் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. அதற்குள் ஓடுவது வெளித் தண்ணீர். உப்புத் தண்ணீரில் ஓட்டிவிட்டு நல்ல தண்ணீரால் கழுவாமல் விட்டால் அரித்து ஓட்டை விழும், தண்ணீர் நேரே சிலிண்டருக்குள் போகும். கழற்றி, ஒரு பக்கத்தை அடைத்து, மறுபக்கம் மெதுவாகக் காற்று ஏற்றி, வாளித் தண்ணீரில் அமிழ்த்துங்கள். குமிழி வந்தால் பழி எஞ்சின் மேல் இல்லை.

மூன்றாவது, வீட்டு முற்றத்தில் செய்யும் தவறு. கழுவும் ஹோஸை மாட்டியதும் பைப்பைத் திறந்துவிட்டுப் பிறகு ஸ்டார்ட் செய்தால், ஓடாத எஞ்சினின் எக்ஸோஸ்ட் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் ஏறும். முதலில் எஞ்சின், பிறகு தண்ணீர். முடிக்கும்போது முதலில் தண்ணீரை மூடி, பிறகு எஞ்சினை நிறுத்த வேண்டும். இதைப் படகின் மூடியில் அழியாத மையால் எழுதி வையுங்கள், கழுவுவது நீங்களாக இல்லாமல் வீட்டில் வேலை செய்யும் பையனாகவும் இருக்கலாம்.

எதை வாங்குவது?

மூன்று வழி இருக்கிறது. அதே குதிரைவலுவில் ரீகண்டிஷன் எஞ்சின் போடலாம், 255 அல்லது 260க்கு ஏறலாம், அல்லது 155க்கு இறங்கலாம். கடைசி வழியைப் பலர் கௌரவக் குறைச்சலாகப் பார்க்கிறார்கள். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வாவியில் சுற்றுவதும், ரப்பர் டியூபில் இழுப்பதும்தான் உங்கள் தேவை என்றால் 155 தாராளம். கிளட்ச் இல்லை, இன்டர்கூலர் இல்லை, சாதாரண பெற்றோலும் போதும். வெளிப்பக்கம் மாட்டும் எஞ்சின்களிலும் பெரிய கம்பனிகள் இந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன. 2004இல் சூப்பர்சார்ஜரோடு வெராடோவைக் கொண்டுவந்த மெர்க்குரி, 2018இல் அதே வலுவுக்கு சூப்பர்சார்ஜர் இல்லாத வி6, வி8 எஞ்சின்களை இறக்கியது.

பாவித்த எஞ்சின் வாங்கினால் விற்பவரின் வாய் வார்த்தையை நம்பாமல் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் (கம்ப்ரெஷன்) அளந்து பாருங்கள். மூன்று சிலிண்டருக்கும் இடையில் வித்தியாசம் பத்து சதவீதத்துக்கு உள்ளே இருக்க வேண்டும். பில்டரை வெட்டிப் பார்ப்பது இங்கேயும் பொருந்தும். அதற்குச் சம்மதிக்காதவரிடம் வாங்காதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து எடுப்பதென்றால், காசு அனுப்பும் முன் கிளியரிங் ஏஜன்டிடம் பேசுங்கள். வெளிப்பக்கம் மாட்டும் கடல் எஞ்சினுக்கு சுங்கக் குறியீடு 8407.21, படகுக்கு உள்ளே இருக்கும் பெற்றோல் எஞ்சினுக்கு 8407.29. வரியும், பாவித்த பொருளுக்கான அனுமதியும் அந்தக் குறியீட்டைப் பொறுத்தே தீர்மானமாகும். அனுமதி தேவையா என்பதை இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். துறைமுகத்தில் பெட்டி வந்து இறங்கிய பிறகு கேட்டால் நாள் வாடகை ஏறிக்கொண்டே போகும்.

ஈசியு பற்றி ஒரு வார்த்தை. படகின் பாதுகாப்புச் சாவியும் ஈசியுவும் ஒன்றையொன்று அடையாளம் கண்டால்தான் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும். எஞ்சினோடு சேர்ந்து வந்த ஈசியுவை அப்படியே மாட்டினால் உங்கள் சாவியை அது ஏற்காது, கம்பனியின் மென்பொருள் உள்ளவரிடம் கொண்டுபோக வேண்டியிருக்கும். அதே குதிரைவலு எஞ்சின் என்றால் உங்கள் பழைய ஈசியுவையே வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றுவது

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் கொழும்புக் கடல் எப்படியும் படகுக்கு ஆகாது. அந்த மாதங்களில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். மழை படாத கூரையும், எஞ்சினைத் தூக்கும் பலமான பீமும், ஒரு செயின் புளொக்கும் வேண்டும். தகரக் கொட்டகையின் மரச் சட்டத்தில் செயினை மாட்டாதீர்கள்.

பற்றரியின் மைனஸ் வயரை முதலில் கழற்றுங்கள். மூடியைத் திறந்து காற்றாட விட்டு, பெற்றோல் மணம் போன பிறகுதான் மற்ற வேலை. பெற்றோல் லைனின் அழுத்தத்தை இறக்கிவிட்டு அதைக் கழற்றி அடையுங்கள். கூலன்டை வடியுங்கள். அப்புறம் எக்ஸோஸ்ட், காற்றுக் குழாய், வயரிங். ஒவ்வொரு கனெக்டரையும் கழற்றும் முன் போனில் படம் எடுங்கள். நிற டேப் சுற்றி, இரண்டு பக்கத்திலும் ஒரே எண்ணை எழுதுங்கள். போல்ட்களைத் தயிர்ச் சட்டியில் மொத்தமாகப் போடாமல், ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பொலித்தீன் பை என்று வையுங்கள்.

எஞ்சின் நேரே மேலே வராது. பின்னால் ஜெட் பம்ப்பைக் கழற்றி, எஞ்சினையும் பம்பையும் இணைக்கும் டிரைவ் ஷாப்டைப் பின்பக்கமாக இழுத்தெடுத்த பிறகுதான் எஞ்சின் விடுபடும். ஷாப்ட் வராமல் முரண்டு பிடித்தால் சுத்தியலால் அடிக்க வேண்டாம். துருவைக் கரைக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு பொறுங்கள்.

வெறுமையான படகு

எஞ்சின் வெளியே வந்த பிறகு கிடைக்கும் இந்த இடம் திரும்பக் கிடைக்காது. உள்ளே இறங்கிக் கழுவுங்கள். மவுண்ட் இருக்கும் இடங்களில் பைபர்கிளாஸ் வெடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ரப்பர் மவுண்ட்கள், படகின் அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்ப், காற்று வெளியேற்றும் புளோவர், எல்லாத் தண்ணீர் ஹோஸ்களும் இப்போதே மாற வேண்டும். டிரைவ் ஷாப்ட் உடலுக்குள் நுழையும் இடத்தில் ஒரு கார்பன் வளையமும் மடிப்பு ரப்பரும் உண்டு. அதில் கீறல் இருந்தால் படகுக்குள் தண்ணீர் வரும், ஆகவே அதையும் மாற்றுங்கள்.

பஞ்சிகாவத்தையில் சாமான் தேடும்போது இப்படி ஒரு பேச்சு வரும்:

"நானா, போட் எஞ்சினுக்கு ஒரு ஸ்டார்ட்டர் மோட்டர் வேணும்."

"கார் ஸ்டார்ட்டரே இதுக்கு இருக்கு தம்பி. அளவு ஒண்டுதான், விலை கால்வாசி."

அளவு ஒன்றாக இருக்கலாம். ஆனால் காரின் எஞ்சின் திறந்த வெளியில் இருக்கிறது, அங்கே ஸ்டார்ட்டர் பொறி பறந்தால் ஒன்றும் ஆகாது. படகின் வயிற்றில் பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமாகக் கீழே தங்கும். அங்கே ஒரு பொறி போதும், படகே எரிந்துவிடும். படகு ஸ்டார்ட்டர்களும் மின் பம்ப்களும் பொறி வெளியே வராதபடி மூடப்பட்டவை. அதற்கு எஸ்ஏஇ ஜே1171 என்று ஒரு தரம் உண்டு, நல்ல சாமானின் உறையில் அந்த எண் இருக்கும். பஞ்சிகாவத்தையில் ஹோஸ் கிளிப், பெயரிங், ஒயில் சீல், ஸ்பானர் எல்லாம் அருமையாக எடுக்கலாம். மின்சாரமும் பெற்றோலும் சம்பந்தப்பட்ட சாமானை மட்டும் அங்கே எடுக்காதீர்கள்.

பழைய சோனகத் தெருவில் போல்ட் வாங்கும்போது 316 ஸ்டெயின்லெஸ் என்று கேட்டு வாங்குங்கள். 304உம் பார்வைக்கு அதேதான், உப்புத் தண்ணீரில் சீக்கிரம் துருப்பிடிக்கும். அலுமினியத்துக்குள் ஸ்டெயின்லெஸ் போல்ட் போகும் ஒவ்வோர் இடத்திலும் ஒட்டாமல் இருக்கும் கிரீஸ் பூசுங்கள், இல்லாவிட்டால் அடுத்த தடவை போல்ட் உடைந்துதான் வெளியே வரும்.

சூப்பர்சார்ஜரும் வலு ஏற்றுவதும்

எஞ்சின் புதியதோ பழையதோ, சூப்பர்சார்ஜரைத் திறக்காமல் மாட்டாதீர்கள். செராமிக் வொஷர் இருந்தால் எடுத்துவிட்டு இரும்பு வொஷர் போடுங்கள். பெயரிங்களையும் சேர்த்து மாற்றுங்கள். மூடிய பிறகு கிளட்ச் எவ்வளவு முறுக்கில் வழுக்குகிறது என்பதை டோர்க் ரென்ச்சில் அளந்து, கம்பனிக் கையேட்டின் எண்ணோடு ஒப்பிடுங்கள். கையால் திருப்பிப் பார்த்து "இறுக்கமாக இருக்கிறது" என்பது அளவு ஆகாது. ஒயிலும் சூப்பர்சார்ஜ் எஞ்சினுக்கென்று கம்பனி சொன்னதாகவே இருக்க வேண்டும். இந்தக் கிளட்ச் எஞ்சின் ஒயிலிலேயே நனைந்து ஓடுகிறது. வழுக்கும் தன்மை கூடிய விலை உயர்ந்த கார் ஒயிலை ஊற்றினால், கிளட்ச் வழுக்கக் கூடாத நேரத்தில் வழுக்கும்.

215இலிருந்து 255 அல்லது 260க்கு ஏறுவதென்றால் சூப்பர்சார்ஜர் சக்கரத்தை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்தக் கூடாது. காற்று கூடினால் பெற்றோலும் கூட வேண்டும். பெற்றோல் தெளிக்கும் இன்ஜெக்டர், அதற்கேற்ற ஈசியு, வெளியே இருக்கும் பெரிய இன்டர்கூலர், ஜெட் பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெலர் எல்லாம் ஒரு செட். இதில் ஒன்றைக் காசு இல்லை என்று பிறகு பார்க்கலாம் என விட்டால், பெற்றோல் குறைந்த கலவையில் எஞ்சின் சூடேறி பிஸ்டன் ஓட்டையாகும். காசு ஒரே தடவையில் சேராவிட்டால் முதலில் இன்டர்கூலரை மட்டும் மாற்றுங்கள், அது தனியாகவே நன்மை. நம் தண்ணீர் 28, 30 பாகையில் இருக்கிறது, இன்டர்கூலர் அதைவிடக் குளிராகக் காற்றைத் தர முடியாது.

பெற்றோல்

கையேட்டில் "91 ஒக்டேன்" என்று எழுதியிருக்கும். நம் பம்பில் 92 இருக்கிறது, 91ஐவிடக் கூடத்தானே என்று பலர் அதையே அடிக்கிறார்கள். இரண்டும் வேறு கணக்கு. வட அமெரிக்கப் பம்பில் எழுதுவது இரண்டு சோதனைகளின் சராசரி, இங்கே எழுதுவது அவற்றில் கூடிய எண்ணை மட்டும். அங்குள்ள 91, நம் கணக்கில் ஏறக்குறைய 95. நம் 92 அங்கே சாதாரண 87 பக்கம்தான் வரும். ஆகவே 255, 260 எஞ்சின்களுக்கு 95 மட்டும். கானில் நிரப்பிக் கொண்டுபோகிறவர்கள் மாதக் கணக்கில் அதை வெயிலில் வைக்கக் கூடாது.

இறக்குவது

கழற்றியதன் தலைகீழ் ஒழுங்கு. ஒன்று மட்டும் கூடுதல்: அலைன்மென்ட். எஞ்சினின் பின்பக்க அச்சும் ஜெட் பம்பின் அச்சும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். அதற்கென்று ஒரு நீண்ட கருவி இருக்கிறது. வாடகைக்குக் கேட்டாவது எடுங்கள், அல்லது உங்கள் எஞ்சினின் அளவைக் கொடுத்து லேத் பட்டறையில் கடைந்துகொள்ளுங்கள். மவுண்டுக்குக் கீழே தகடு வைத்து, கருவி தடையில்லாமல் போய்வரும் வரை சரிசெய்ய வேண்டும். கண்ணால் பார்த்துச் சரி என்று இறுக்கினால் அதிர்வு வரும், கார்பன் வளையம் தேயும், கொஞ்ச நாளில் படகு தண்ணீர் குடிக்கும்.

முதல் ஸ்டார்ட், முதல் பத்து மணித்தியாலம்

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஒயில் அழுத்தம் வரும் வரை ஸ்டார்ட்டரில் மட்டும் சுற்றுங்கள். பிறகு பிளக்கைப் போட்டு, புளோவரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, மூக்கால் ஒரு தடவை மோந்து பார்த்து ஸ்டார்ட் செய்யுங்கள். தரையில் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓட வேண்டாம். இந்த எஞ்சினைக் குளிர்விக்கும் தகடு படகின் அடியில் இருக்கிறது, அது தண்ணீரில் இருந்தால்தான் வேலை செய்யும். கார்பன் வளையமும் காய்ந்து சுற்றினால் கருகும்.

முதல் ஓட்டத்துக்கு பொல்கொடை போதும். முகத்துவாரத்தில் களனி கங்கை கடலில் விழும் இடத்துக்குப் புது எஞ்சினோடு போகாதீர்கள், அங்கே நின்றுபோனால் அலை கற்பாறைப் பக்கம் தள்ளும். துறைமுக எல்லைக்குள் அனுமதி இல்லாமல் நுழையவே கூடாது. வாவியில் சல்வீனியாவும் ஆகாயத்தாமரையும் மிதக்கும் ஓரங்களை விட்டு விலகி ஓட்டுங்கள். ஜெட் அவற்றை உறிஞ்சினால் உந்தும் வலு போய்விடும். எல்லோரும் லைப் ஜாக்கெட்டோடு, கரையில் ஒருவருக்குத் தகவல் சொல்லிவிட்டு இறங்குங்கள்.

பத்து மணித்தியாலம் வரை திரோட்டில் முக்கால்வாசியைத் தாண்ட வேண்டாம். ஒரே வேகத்தில் நீண்ட நேரமும் ஓட வேண்டாம், ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். அதற்குப் பிறகு தட்டையான தண்ணீரில், வழமையான ஆட்களோடு முழுத் திரோட்டில் சுற்று எண்ணைப் பாருங்கள். சூப்பர்சார்ஜ் எஞ்சின் 8,000க்குப் பக்கம் வந்தால் இம்பெலர் பொருந்துகிறது. அதற்கு வெகுகீழே நின்றால் இம்பெலரின் சாய்வு அதிகம், எஞ்சின் திணறுகிறது. சுற்று எண்ணைக் கட்டுப்படுத்தும் லிமிட்டரில் இடித்து நின்றால் சாய்வு குறைவு, அல்லது பம்பின் உள்வளையம் தேய்ந்து இடைவெளி கூடியிருக்கிறது. உள்வளையம் மலிவான சாமான், இம்பெலருக்கு முன் அதை மாற்றிப் பாருங்கள்.

அந்தப் பத்து மணித்தியாலம் முடிந்ததும் ஒயிலை உறிஞ்சி எடுத்து, பில்டரை மறுபடியும் வெட்டி வெயிலில் விரியுங்கள். புது எஞ்சினில் மிக நுண்ணிய இரும்புத் தூள் இருப்பது வழமை. காந்தத்தில் ஒட்டாத துண்டு ஒன்றே ஒன்று இருந்தாலும் படகை மறுபடி தண்ணீரில் இறக்காமல் சூப்பர்சார்ஜரைக் கழற்றுங்கள்.